எலியானே எலியாஸின் 'மேட் இன் பிரேசில்': புதிதாகக் கேட்கிறவர்களுக்கு

ஜாஸ் பக்கமே போனதில்லை, பிரேசில் இசை என்றால் கால்பந்து மைதானத்தில் கேட்கிற மேளச் சத்தம்தான் ஞாபகம் வருகிறது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிறவர்களுக்கு நான் கை காட்டுவது எலியானே எலியாஸின் 'மேட் இன் பிரேசில்' ஆல்பத்தைத்தான். 2015-ல் வந்தது, 12 பாடல்கள், அடுத்த ஆண்டே சிறந்த லத்தீன் ஜாஸ் ஆல்பத்துக்கான கிராமி விருது. காதைக் குடையாது, யாரையும் மிரட்டாது.

அதுதான் இதில் இருக்கிற சிக்கலும். ரொம்ப இனிமையாக இருப்பதால் இது பின்னணியாகிவிடும். சமைத்துக்கொண்டே கேட்கலாம், மெயிலுக்குப் பதில் போட்டுக்கொண்டே கேட்கலாம், ஆல்பம் முடிந்ததுகூடத் தெரியாது. "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். அப்படிக் கேட்டால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி குரலுக்கு அடியில், பியானோவில் இருக்கிறது. எலியானே பாடத் தெரிந்த பியானோக்காரர், பியானோ தெரிந்த பாடகி இல்லை. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் ஆல்பமே வேறு மாதிரி திறக்கும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

1960-ல் சாவோ பாவுலோவில் பிறந்தவர். அம்மா பியானோ வாசிப்பார், வீட்டில் ஜாஸ் ரெக்கார்டுகளும் இருந்தன. 12 வயது வாக்கில் ஜாஸ் மேதைகளின் வாசிப்பை ரெக்கார்டில் கேட்டுக் கேட்டு, ஸ்வரம் ஸ்வரமாக எழுதி எடுத்துக்கொண்டிருந்தார். சாவோ பாவுலோவில் ஜிம்போ ட்ரியோ என்கிற குழுவினர் நடத்திய 'கிளாம்' இசைப்பள்ளியில் படித்து, 15 வயதில் அங்கேயே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். பதின்பருவம் முடிவதற்குள் வினீசியுஸ் ஜி மொராயிஸ், கிட்டார் கலைஞர் தொக்கின்யோ இருவரோடும் மேடை ஏறி வாசித்தார். வினீசியுஸ் என்றால் போசா நோவா என்கிற மென்மையான பிரேசில் இசை வகையின் பெரிய பாடலாசிரியர், கவிஞர், ஒரு காலத்தில் தூதரக அதிகாரியாகவும் இருந்தவர். அவரோடு வாசிக்கக் கிடைத்தது சும்மா இல்லை.

1981-ல் நியூயார்க் போனார். அங்கே 'ஸ்டெப்ஸ் அஹெட்' என்கிற ஜாஸ் குழுவில் சேர்ந்து பேர் வாங்கினார். அப்புறம் வரிசையாக ஆல்பங்கள், பெரும்பாலும் வாசிப்பு மட்டும்தான். 1990-ல் வந்த 'ப்ளேஸ் ஜோபிம்' ஆல்பத்தில் போசா நோவாவின் பெரிய இசையமைப்பாளர் அந்தோனியோ கார்லோஸ் ஜோபிமின் பாடல்களைப் பியானோவில் வாசித்தார். அதே ஜோபிமை முழு ஆல்பமாகப் பாடியது எட்டு வருஷம் கழித்து, 1998-ல், 'சிங்ஸ் ஜோபிம்' என்று. பாட்டு அவரிடம் பிந்தி வந்தது என்பதற்கு அந்த இரண்டு தலைப்புகளே சாட்சி.

'மேட் இன் பிரேசில்' அவர் அமெரிக்கா போனபிறகு முதல்முறையாகப் பிரேசிலிலேயே பதிவு செய்த ஆல்பம். 34 வருஷம் கழித்து. தலைப்பு ஏதோ ஏற்றுமதிச் சரக்கின் மேல் ஒட்டிய சீட்டு மாதிரி இருந்தாலும் அதில் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது.

ஹெட்போன், அப்புறம் வரிசை

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். விலை உயர்ந்த சாமான் எதுவும் வேண்டாம், சாதாரண ஹெட்போன் போதும், ஆனால் பேஸ் கிட்டார் காதில் விழ வேண்டும். பிரேசில் இசையில் கீழே இருக்கிற அந்தக் கனத்த ஒலி போய்விட்டால் மேலே மிச்சம் இருப்பது வெறும் சர்க்கரை.

ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சொல்லப்போனால் அப்படிக் கேட்காதீர்கள் என்பேன். முதல் பாட்டு 'பிரேசில்', பெரிய வயலின் கூட்டத்தோடு வருவது. அதில் ஆரம்பித்தால் மொத்த ஆல்பமும் ஆடம்பரமானது என்று மனதில் பதிந்துவிடும். 'வோசே', 'ரியோ' இரண்டிலும் ஆரம்பியுங்கள். இரண்டாவது பாட்டு ஒன்று, பத்தாவது பாட்டு ஒன்று.

கால் தட்டக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த இரண்டு பாடல்களையும் எழுதியவர்கள் ரொபெர்ட்டோ மெனெஸ்கால், ரொனால்டோ போஸ்கொலி. மெனெஸ்கால் இந்தப் பதிவில் தானே வந்து கிட்டார் வாசித்துப் பாடவும் செய்கிறார். 1937-ல் பிறந்தவர், 1950-களின் கடைசியில் ரியோவின் கோபகபானா கடற்கரைக் குடியிருப்புகளில் இளைஞர்கள் கூடிக் கூடி வாசித்து போசா நோவாவை உருவாக்கிய நாட்களில் அந்தக் கூட்டத்தில் இருந்தவர். கடல் பைத்தியம். நடுக்கடலில் படகு எஞ்சின் நின்றுபோய், அது கிளம்ப முயன்று இருமிய சத்தத்தில் பிறந்ததுதான் 'ஓ பார்கின்யோ' என்கிற அவருடைய புகழ்பெற்ற பாட்டு என்று ஒரு கதை உண்டு. போசா நோவாக்காரர்களிடம் இப்படி ஆளுக்கு ஒரு கதை இருக்கும்.

சரி, பாட்டுக்கு வருவோம். கிட்டாரை மட்டும் கேளுங்கள். போசா நோவா கிட்டாரில் கட்டைவிரல் ஒரு வேலை செய்யும், மற்ற மூன்று விரல்கள் வேறு வேலை செய்யும். கட்டைவிரல் கீழ்த் தந்தியில் சீராக நடந்துகொண்டே இருக்கும். மற்ற விரல்கள் கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கொத்தை, அந்த நடைக்கு நடுநடுவே, சற்று முந்தியும் சற்று தள்ளியும் கிள்ளும். கோபகபானா இளைஞர்கள் ஆராதித்த ஜோவாவ் ஜில்பெர்ட்டோ 1958-ல் செய்த காரியம் இதுதான்: பிரேசிலின் ஆட்ட இசையான சாம்பாவின் முழு மேளக் கூட்டத்தையும் ஆறு தந்திக்குள் அடக்கிவிட்டார். கட்டைவிரல் பெரிய முரசு, மற்ற விரல்கள் சின்ன மேளங்கள்.

இப்போது காலால் தாளம் போடுங்கள். சாம்பா இரண்டு அடி. ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. நாம் சமத்தில், அதாவது முதல் அடியில், கனத்தை இறக்கியே பழகியவர்கள். இங்கே கனம் இரண்டாவது அடியில். சாம்பா ஊர்வலத்தில் சுர்து என்கிற பெரிய முரசு அந்த இரண்டாவது அடியில்தான் ஆழமாக விழும். இடது காலை மெதுவாக, வலது காலை அழுத்தி வையுங்கள். முதலில் கால் முரண்டு பிடிக்கும். ரெண்டு பாட்டு போனால் தானாக வந்துவிடும். இது வராமல் மேற்கொண்டு போகாதீர்கள், ஏனென்றால் எலியானே பாடும்போதும் வாசிக்கும்போதும் இந்த நடையைச் சுற்றித்தான் விளையாடுகிறார்; நடை தெரியாவிட்டால் விளையாட்டும் தெரியாது.

குரலில் எதைத் தேட வேண்டாம்

கமகம் தேடாதீர்கள். உச்சஸ்தாயிக்குப் போய் மூச்சைப் பிடித்து நிற்கிற இடமும் கிடையாது. எலியானேயுடையது தாழ்ந்த குரல், கொஞ்சம் கரகரப்பு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அளவு சத்தம். இது திறமைக் குறைவு என்று நினைக்கிறவர்கள் உண்டு. போசா நோவாவே இப்படித்தான். அதற்கு முந்தைய பிரேசில் பாடகர்கள் பலர் தொண்டை கிழியப் பாடினார்கள், இவர்கள் மைக்கை நம்பிக் குரலைத் தாழ்த்தினார்கள். உணர்ச்சியை அளந்து ஊற்றுவது இந்த இசையின் மரியாதை. அழுதுவிட்டால் கெட்டுப்போகும்.

கேட்க வேண்டியது, வார்த்தை எந்த இடத்தில் விழுகிறது என்பதை. அவர் தாளத்துக்குச் சரியாக நிற்பதில்லை, கொஞ்சம் பின்னால் சாய்ந்து பாடுவார். நீங்கள் தட்டும் கால் முதலில் விழும், வார்த்தை அரை நொடி யோசித்துவிட்டு வரும். 'வோசே'யில் மெனெஸ்காலும் இவரும் மாறி மாறிப் பாடுகிறார்கள், யார் எவ்வளவு தள்ளிப் பாடுகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரே பாட்டை மூன்று தடவை, மூன்று பேரிடம்

இந்த வழிகாட்டியில் ஒரு வேலைதான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஆல்பத்தின் மூன்றாவது பாட்டு 'ஆகுவாஸ் ஜி மார்சோ', மார்ச் மாத மழை. ஜோபிம் 1972-ல் எழுதியது. ரியோவுக்கு வடக்கே மலைப்பகுதியில் போசோ ஃபுந்தோ என்ற இடத்தில் அவருக்குத் தோட்டவீடு இருந்தது, அங்கே எழுதினார். பிரேசிலில் மார்ச் என்பது கோடை முடிகிற மாதம், மழை கொட்டி, மண் சரிந்து, பாதை அடைபட்டுக் கிடக்கும். பாட்டில் கதை கிடையாது. ஒரு குச்சி, ஒரு கல், பாதையின் முடிவு, வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, கண்ணாடிச் சில்லு என்று தண்ணீர் அடித்துவருவதையெல்லாம் எண்ணிக்கொண்டே போகிறது.

மெட்டும் அப்படித்தான். இரண்டு மூன்று ஸ்வரங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும், பாடத் தெரியாதவர்கூட முணுமுணுத்துவிடலாம். மேலே அப்படி ஒரே இடத்தில் நிற்கும்போது அடியில் பேஸ் ஸ்வரம் படி படியாக இறங்கிக்கொண்டே போகும். அதனால் அதே ஸ்வரம், அதே வார்த்தை, ஒவ்வொரு முறையும் வேறு நிறத்தில் கேட்கும். கார்டு என்பது பாட்டுக்கு என்ன செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் 1974-ல் பிரேசிலின் புகழ்பெற்ற பாடகி எலிஸ் ரெஜினாவும் ஜோபிமும் சேர்ந்து பாடிய பதிவைக் கேளுங்கள், 'எலிஸ் அண்ட் டாம்' ஆல்பத்தின் முதல் பாட்டு. கடைசியில் இரண்டு பேரும் சிரித்துவிடுகிறார்கள், எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடம் புதிதாக இருக்கும். பேஸ் இறங்குவதை அதில் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, எலியானே 1990-ல் 'ப்ளேஸ் ஜோபிம்' ஆல்பத்தில் வாசித்தது. பாட்டே இல்லை, பியானோவோடு எடி கோமெஸின் பேஸ், ஜாக் டிஜோனெட்டின் டிரம்ஸ். வார்த்தை இல்லாமல் மெட்டு எவ்வளவு சின்னது என்று தெரியும், அதை வைத்துக்கொண்டு ஒரு பியானோக்காரர் எவ்வளவு தூரம் போக முடியும் என்றும் தெரியும்.

மூன்றாவதாக 2015 பதிவுக்கு வாருங்கள். இதில் 'டேக் சிக்ஸ்' என்கிற அமெரிக்கக் குழு கூடப் பாடுகிறது. ஆறு பேர், அலபாமாவில் தேவாலயப் பாட்டுப் பாரம்பரியத்திலிருந்து வந்தவர்கள், வாத்தியமே இல்லாமல் தொண்டையாலேயே ஒரு பேண்ட் அளவுக்கு நிரப்பிவிடுவார்கள். ஜோபிம் பேஸிலும் கிட்டாரிலும் வைத்த கார்டுகள் இங்கே மனிதக் குரல்களாக அடுக்கி வருகின்றன. பழைய பதிவில் பிடித்துவைத்த அந்த இறங்கும் கோடு எங்கே அப்படியே இருக்கிறது, எங்கே மாற்றிவிட்டார்கள் என்று தேடுங்கள். எனக்கு 1974 பதிவுதான் பிடிக்கும், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் மூன்றையும் கேட்ட பிறகுதான் எலியானே ஒரு பாட்டைக் கையில் எடுத்தால் மெட்டைத் தொடுவதில்லை, மெட்டுக்கு அடியில் இருப்பதைப் பிரித்துக் கட்டுகிறார் என்பது பிடிபடும்.

இப்போது கைகள்

ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே பாடுகிறவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால் இது சுலபம். குரல் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் கை புகுந்து ஒரு சின்னப் பதில் சொல்லும், குரல் திரும்பியதும் ஒதுங்கிக்கொள்ளும். ஆள் ஒருவரே என்பதால் எப்போது ஒதுங்க வேண்டும் என்பதில் தப்பே வராது. எலியானேயின் பியானோவும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. எந்தப் பாட்டை வேண்டுமானாலும் எடுத்து, வரிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளை மட்டும் கேளுங்கள். பாடும்போது பியானோ கிட்டத்தட்டக் காணாமல் போகும். இடைவெளி வந்ததும் ரெண்டு கார்டு, அதுவும் காலத்துக்குச் சற்று முந்தி.

பாட்டு நின்று பியானோ தனியாக எடுக்கும் இடங்கள் அதிக நீளம் இருக்காது. சுத்த ஜாஸ் பிரியர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள், ஓரளவு நியாயம்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் வலதுகை பாடுகிறவரின் கை என்று தெரியும். மூச்சுவிட இடம் வைத்து வாசிக்கிறார். கூடவே அந்த வலதுகை வாக்கியத்தை முணுமுணுக்க முயன்று பாருங்கள், பெரும்பாலும் முடியும்.

பேஸ் பக்கமும் காதை வையுங்கள். மார்க் ஜான்சன் வாசிக்கிறார், எலியானேயின் கணவர். பில் எவன்ஸ் என்ற பெரிய ஜாஸ் பியானோ மேதை 1980-ல் இறக்கும்வரை அவருடைய கடைசி மூவர் குழுவில் வாசித்தவர் இவர்தான். மின் பேஸ் வரும் பாடல்களில் வாசிப்பது மார்செலோ மரியானோ.

வயலின் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை

பாடல்கள் பிரேசிலில் பதிவானாலும் தந்தி வாத்தியங்கள் லண்டனில் அபே ரோடு ஸ்டுடியோவில், லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா கலைஞர்களை வைத்துச் சேர்க்கப்பட்டவை, அவற்றுக்கான இசைக்கோப்பு ராப் மேத்ஸ். அழகாகத்தான் இருக்கிறது. சில இடங்களில் தேவைக்கு மேல் அழகாக இருக்கிறது என்பது என் கருத்து. காது தயாரான பிறகு வயலின் கூட்டம் வரும் பாடல்களுக்கு வாருங்கள், வயலினுக்கு அடியில் பியானோவும் மேளமும் என்ன செய்கின்றன என்று தேட முடியும்.

இப்போது முதல் பாட்டைப் போடலாம். 'பிரேசில்' என்று ஆல்பத்தில் இருப்பது 1939-ல் அரி பரோசோ எழுதிய 'அக்வாரேலா து பிரேசில்'. நாட்டைப் புகழ்ந்து எழுதிய சாம்பா, கிட்டத்தட்ட இரண்டாவது தேசிய கீதம். ஆரவாரமாகப் பாடுகிற பழைய பதிவு ஒன்றை முதலில் கேளுங்கள், அதில் பாட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கோடு திரும்பத் திரும்ப ஓடும்: பஞ்சமம், சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம், மறுபடி சுத்த தைவதம். அரை அரை ஸ்வரமாக ஏறி இறங்கும் அந்த நாலு ஸ்வரம்தான் பாட்டின் முதுகெலும்பு. அதைத் தெரிந்துகொண்டு எலியானேயிடம் வந்தால், எல்லாரும் கூவிப் பாடிய ஒன்றை இவர் ஏன் குரல் தாழ்த்திப் பாடுகிறார் என்று யோசிக்கத் தோன்றும். முப்பது வருஷத்துக்கு மேல் வெளியில் இருந்துவிட்டு வந்தவர் ஊரைப் புகழ்ந்தால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

அதே அரி பரோசோவின் இன்னொரு பாட்டில்தான் ஆல்பம் முடிகிறது: 'நோ தபுலேய்ரோ த பையானா', 1936-ல் கார்மென் மிராண்டா பாடியது. பிரேசிலின் பையா மாநிலத் தெருக்களில் வெள்ளை உடையில் உட்கார்ந்து தட்டில் பலகாரம் விற்கும் பெண்ணைப் பற்றியது. வதபா, கருரு என்று சாப்பாட்டுப் பேர்களாக வந்துகொண்டே இருக்கும், நடுவில் காதலும் எட்டிப்பார்க்கும். ஆல்பத்தில் எனக்கு அதிகம் சிரிப்பு வரவழைக்கும் பாட்டு. இதற்குக் கால் தானாக ஆடவில்லை என்றால் மேலே சொன்ன இரண்டாம் அடிப் பயிற்சிக்குத் திரும்பிப் போங்கள்.

அவரே எழுதிய பாடல்கள்

ஆல்பத்தில் ஏறக்குறைய பாதி எலியானே எழுதியவை. இவற்றைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஜோபிம், பரோசோ பாடல்களுக்குப் பக்கத்தில் வைத்தால் இவை சாதாரணமாகப் படும், அது அவற்றின் தப்பு இல்லை, பக்கத்தில் இருப்பவர்கள் அப்படி. தனியாகக் கேட்டால் நன்றாக நிற்பவை உண்டு. 'வீதா' பாட்டில் எட் மோட்டா என்கிற ரியோ பாடகர் சேர்கிறார், பிரேசிலின் சோல் இசைப் பெரியவர் டிம் மாயாவின் சகோதரி மகன். பெரிய உடம்பிலிருந்து வரும் பெரிய குரல், எலியானேயின் அடக்கத்துக்கு நேர் எதிர். அந்த இரண்டு குரலும் ஒரே பாட்டில் எப்படி இடம் பிரித்துக்கொள்கின்றன என்று கேளுங்கள். எலியானேயின் மகள் அமாண்டா ப்ரெக்கரும் ஆல்பத்தில் பாடியிருக்கிறார். அப்பா ட்ரம்பெட் கலைஞர் ராண்டி ப்ரெக்கர். ஒன்றிரண்டு பாடல்கள் மெத்தென்று வழுக்கிப் போய்விடும், பிடிக்காவிட்டால் தாண்டிவிடுங்கள், பரீட்சை ஒன்றும் இல்லை.

அடுத்து எங்கே

குரல் பிடித்திருந்தால் 'போசா நோவா ஸ்டோரீஸ்', 2008. போசா நோவாவின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி வந்தது.

கைகள் பிடித்திருந்தால் இரண்டு இருக்கின்றன. ஒன்று 'சம்திங் ஃபார் யூ', பில் எவன்ஸுக்குச் செய்த காணிக்கை. எவன்ஸ் இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு மார்க் ஜான்சனிடம் ஒரு கேசட்டைக் கொடுத்திருந்தார், அதில் வெளிவராத அவருடைய வாசிப்பு இருந்தது. அந்த கேசட்டில் இருந்ததை எடுத்து எலியானே முழுப்பாட்டாக்கினார். இன்னொன்று 2021-ல் வந்த 'மிரர் மிரர்', அவருக்கு இரண்டாவது கிராமியை வாங்கித் தந்தது. பாட்டு இல்லை, பேஸ் இல்லை, டிரம்ஸ் இல்லை. இரண்டு பியானோ மட்டும், சில பாடல்களில் எதிரே சிக் கொரியா, சிலவற்றில் கியூபாவின் சுச்சோ வால்டெஸ். கொரியாவோடு வாசித்த 'ப்ளூ போசா'வைப் போட்டு, எந்தக் கை எலியானேயுடையது என்று கண்டுபிடிக்கப் பாருங்கள்.